கலாவதியின் இடப்பக்க ஸ்டியரிங்

“அன்ரி, உங்களுக்கு அவவில வாரப்பாடு. அதால விட்டுக்குடுக்கமாட்டியள். அந்த மனிசிக்குப் பேத்தியை விட அந்தப் பழைய கார்தான் பெரிசாப் போச்சு. ஊரே சொல்லுது.”

“எந்த ஊர்? கிங்ஸ்பரியில நீ ஒருத்திதான் சொல்லுறாய்.”

“நான் மட்டுமே? அவ காருக்குள்ள இருந்து போட்ட கூச்சலிலதானே யதுசன் கொண்டுபோய் முன்னுக்கு நிண்ட வானில இடிச்சவன்? பிறகு பெடியன் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டான் எண்டு காரையும் கிளப்பிக்கொண்டு வெளிக்கிட்டிட்டா.”

“இடிக்கேக்க நீ அந்தக் காருக்குள்ள இருந்தனியே?”

“இல்லை.”

“நான் இருந்தனான். கத்தினது அவளில்லை, நான். அதுவும் இடிச்சு முடிஞ்ச பிறகு. நீ பேசாம வெண்டிக்காயைப் பொறுக்கு.”

லண்டனில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடையில் மரக்கறிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ரஜனிக்கு அன்று அவ்வளவுதான் சொன்னேன். ரஜனி என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கெட்ட பிள்ளை இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி கொண்டுவருவது அவள்தான். ஆனால் அவளிடம் ஒன்றைச் சொன்னால் கடை பூட்டுவதற்கு முன்னே அது யதுசனின் காதுக்குப் போய்விடும். அது அவன் காதுக்குப் போகக் கூடாது. இங்கே சொல்வதில் அந்தப் பயமில்லை. யதுசனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்த விஷயத்தில் அவனும் நானும் ஒன்று; நான் வாயால் சொல்ல, இதை வேறு ஆள் எழுதுகிறது.

யதுசன் எனக்கு எதிர் வீட்டுக்காரன். கலாவதி அவனுடைய தாய். அந்த வீட்டில் அவனும், மனைவி ஜதுர்ஷிகாவும், ஏழு வயது மகள் மேனுஷாவும், கலாவதியும் இருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் கல் பதித்த இடத்தில் கலாவதியின் வொல்வோ நின்றது. பெட்டி போல நீண்ட கார். பச்சையா, கறுப்பா என்று வெயிலைப் பார்த்துத்தான் சொல்லலாம். அதன் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. ஏனென்றால் அது சுவீடனில் வாங்கிய கார்.

எங்கள் சனம் பலர் நேரே லண்டனுக்கு வந்தார்கள். கலாவதியும் புருஷன் பாலேந்திராவும் சுவீடனில் போய் இறங்கினார்கள். யதுசன் அங்கேதான் பிறந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பிள்ளை இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று, அந்த நாட்டு வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு இங்கே வந்தார்கள். அப்படி வந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே வேறும் உண்டு. வந்த கொஞ்சக் காலத்தில் பாலேந்திரா மாரடைப்பில் போய்விட்டார். கலாவதி தனியே நின்று மகனைப் படிப்பித்தாள்.

சுவீடனில் அவளுக்கு வயதுபோனவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. விடியமுன் வெளிக்கிட வேண்டும், வழியெல்லாம் பனி, ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவில் காடு. முதலில் வாங்கியதும் ஒரு பழைய வொல்வோதான். ஒரு காலை, யதுசனைப் பிள்ளைக் காப்பகத்தில் விடப் போகும்போது, அந்த ஊர்க் காட்டில் இருக்கிற எருமை உயரத்து மான் ஒன்று குறுக்கே வந்ததாம். கார் பனியில் சறுக்கிப் பள்ளத்துக்குள் போய் மரத்தில் இடித்தது. முன்பக்கம் சுருண்டுவிட்டது. கலாவதி நடுங்கிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தாள். யதுசன் பெல்ற்றோடு இருந்து பிஸ்கட் கேட்டான். இறங்கிப் பின் கதவை இழுத்தாள், வீட்டுக் கதவு போலத் திறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறி வந்தாள்.

அதற்குப் பிறகு அதே கொம்பனியில் அடுத்ததைத் தேடி வாங்கினாள். அதுதான் லண்டனுக்கு வந்த கார். “இது கைக்குச் செய்த கார் அக்கா. இப்ப வாறதெல்லாம் கண்ணுக்குச் செய்யிறது” என்பாள். அதிலே எல்லாவற்றையும் திருக வேண்டும், அழுத்த வேண்டும். குளிருக்குக் கையுறை போட்ட விரலாலும் திருகக் கூடிய பெரிய திருகிகள். பின் சீற்றின் நடுவில் கை வைக்கிற மெத்தையைக் கீழே இழுத்தால் அது பிள்ளைக்கு உயரமான இருக்கையாகிவிடும். யதுசன் இருந்த அதே இடத்தில் மேனுஷா இருந்தாள்.

கலாவதி பயந்தவள். அதை நான் மறைக்கமாட்டேன். ஏறுவதற்கு முன் காரைச் சுற்றி வருவாள், ரயரைக் காலால் தட்டுவாள். எல்லாருடைய பெல்ற்றும் பூட்டுகிற சத்தம் கேட்டால்தான் திறப்பைத் திருப்பிக் காரைக் கிளப்புவாள். கேட்கவில்லை என்றால், “அக்கா, உங்கட பெல்ற் கேக்கேல்லை” என்று இருந்துகொள்வாள். லண்டனில் முழங்கால் உயரத்துக்குப் பனி பெய்து யார் கண்டது? ஆனால் அவளுடைய டிக்கியில் ஒரு மண்வெட்டி, கம்பளி, மெழுகுதிரி, தண்ணீர்ப் போத்தல் எப்போதும் இருந்தன. ரஜனி ஒருமுறை அதைக் கண்டுவிட்டு, “ஆரைப் புதைக்கப் போறியள் அன்ரி?” என்று கேட்டாள். கலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நாட்டில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு ஓடுவது லேசான வேலை இல்லை. முன்னுக்கு நிற்கிற லொறியை முந்துவதென்றால் எதிரே வருவது அவளுக்குத் தெரியாது. அதற்கு வலப்பக்கம் இருக்கிற ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான். கோவிலுக்கு, கண் டொக்ரரிடம், கடைக்கு என்று அவளோடு போகிற நேரமெல்லாம், “நில்லு… நில்லு… இப்ப வா” என்று சொல்லிக்கொண்டே போவேன். என் பக்கம் ஸ்டியரிங் இல்லை. சிவப்பு லைற்றில் நிற்கும்போது பக்கத்து பஸ் டிரைவர் எட்டிப் பார்ப்பான். ஓட்டுகிற இடத்தில் ஒரு கிழவி, கையில் ஒன்றும் இல்லை, மடியில் பூப்பொட்டலம். நான் கை காட்டுவேன். நான் இல்லாத நாட்களில் மேனுஷா நடுவில் இருந்து எட்டிப் பார்த்து, “கிளியர் அப்பம்மா!” என்று சொல்வாள்.

காலையில் மேனுஷாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் பின்னேரம் கூட்டிவருவதும் கலாவதியின் வேலையாக இருந்தது. தகப்பனுக்கு பாங்க் ஒன்றில் கம்பியூட்டர் வேலை, தாய்க்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஷிப்ட். போகிற வழியில் பாட்டியும் பேத்தியும் கதைத்துக்கொண்டே போவார்கள். பிள்ளை வாய் ஓயாமல் தமிழில் கதைத்தது அந்தக் காருக்குள் மட்டும்தான். கலாவதிக்கு அதைவிடப் பெரிய சொத்து ஒன்றும் இருக்கவில்லை. காற்றைப் பழுதாக்குகிற பழைய கார் என்று, ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் நகரசபை கமரா வைத்துக் காசு வாங்கத் தொடங்கினபோதும், தான் வேலைக்குப் போய் உழைத்த காசில் அதைக் கட்டிக்கொண்டு ஓடினாள். ரஜனிக்கு அது விளங்கவில்லை. “இடிஞ்ச பெட்டிக்கு நாள்தோறும் வாடகை கட்டுறா” என்று சிரித்தாள்.

பிறகு யதுசன் புதுக் கார் வாங்கினான்.

கதவில் பிடி இல்லாத கார். கிட்டப் போனால் பிடி தானாக வெளியே வரும். உள்ளே முன்னுக்கு ஒரு பெரிய ஸ்கிறீன், திருகுவதற்கு ஒன்றும் இல்லை. முன்னுக்குப் போகிற வாகனத்தைத் தானே பார்த்து, தானே வேகத்தைக் குறைக்கும், தானே நிற்கும் என்று சொன்னான். கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தார்கள். ஐயர் பொனட்டில் ஒரு சின்னப் பொட்டு வைத்தார், சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றச் சொன்னார், ஏற்றினான். எல்லாரும் சந்தோசமாகப் படம் எடுத்தார்கள். கலாவதி மட்டும் காரைச் சுற்றி வந்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்: “அக்கா, பற்றரி செத்தா இந்தக் கதவை எங்க பிடிச்சு இழுக்கிறது?”

அந்தக் கிழமையே யதுசன் சொல்லிவிட்டான். இனிமேல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தான்தான் கொண்டுபோவான், வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போகச் சம்மதம் எடுத்துவிட்டான்.

“அம்மா, உங்கட காரில உங்களுக்கு மட்டும்தான் எயர்பாக் இருக்கு. பின்னுக்கு இருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. இண்டைக்கு ஒருத்தன் பக்கத்தால வந்து இடிச்சா?”

“நீ அதில இருந்துதானே வளந்தனி?”

“அது அப்ப. அப்ப வேற ஒண்டும் இருக்கேல்லை.”

அவன் சொன்னதிலும் பிழை இல்லை. நான் கலாவதியின் பக்கம்தான், ஆனாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். தகப்பன் தன் பிள்ளைக்குப் பயந்தான், தாயும் அதே பிள்ளைக்குத்தான் பயந்தாள். ஒருவருடைய பயம் மற்றவருக்குப் பைத்தியமாகத் தெரிந்தது.

அதன்பிறகு காலை நேரத்தில் கலாவதியை என் ஜன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பேன். புதுக் கார் பின்னால் எடுத்துத் திரும்பி மூலை தாண்டும் வரைக்கும் வாசலில் நிற்பாள். உள்ளே போகமாட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம் கழிந்து, போனில் யதுசனிடம் இருந்து ஒரு ‘ஓகே’ வந்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பாள். சில நாள் அவன் அனுப்ப மறந்துவிடுவான். அன்றைக்குத் தேத்தண்ணி ஆறி ஆடை பிடிக்கும்.

பயந்தவள் என்ன செய்வாள்? கடவுளைப் பிடித்தாள். வெள்ளிக்கிழமைகளில் முழுகி, விளக்கு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு முன்வாசலுக்கு வருவாள். தன்னுடைய காருக்கு ஒரு பொட்டும் வைக்கமாட்டாள், அதற்கு அது தேவையில்லை என்பாள். மகனுடைய காருக்குத்தான். அதன் மூக்கில் கொம்பனி அடையாளம் வட்டமாக, மினுமினு என்று, நெற்றி போல இருந்தது. பன்னீரில் குழைத்த சந்தனத்தை அதில் பூசி, மேலே திருநீற்றுக் குறி மூன்று இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். யதுசன் கண்டால் ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது போய்விடும் என்று விட்டுவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனுஷா இருமிக்கொண்டு இருந்தாள். கலாவதிக்கு மனது சரியில்லை. சந்தனத்தை வழமையை விடத் தடிப்பாக அப்பினாள். அன்றைக்கு நல்ல வெயில். பின்னேரம் நான் பார்த்தபோது அது காய்ந்து, சுவர்ப் பூச்சுப் போல வெடித்திருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. மேனுஷாவைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டு, என்னையும் கலாவதியையும் கோவிலில் இறக்குவதாக யதுசன் சொன்னான். அவன் ஓட்டினான், பக்கத்தில் இடப்பக்கச் சீற்றில் கலாவதி, பின்னுக்கு நானும் பிள்ளையும். வெளிக்கிட்டதும் ஒரு மணி அடித்தது. ஸ்கிறீனில் மஞ்சளாக என்னவோ எழுத்து வந்தது.

“தம்பி, என்னவோ சொல்லுது.”

“அது எல்லாத்துக்கும் சொல்லும் அம்மா. யன்னலைத் திறந்தாலும் அடிக்கும், வாயைத் திறந்தாலும் அடிக்கும்.” அவன் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். எழுத்து போனது.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவனுக்கு என்னிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. “அன்ரி, இஞ்ச பாருங்கோ. ரெண்டு காலும் கீழ. இனி இதுவே போகும், இதுவே நிக்கும்.”

“காலைப் பிரேக்கில வை தம்பி” என்றாள் கலாவதி.

“ஒண்டும் நடக்காது அம்மா.”

“எனக்காக வை.”

அவன் சிரித்துக்கொண்டு ஒரு காலை மற்றக் காலுக்கு மேலே போட்டான். தாய் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படிப் போட்டிருக்கமாட்டான் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

முன்னுக்குப் போன வெள்ளை வான் சிவப்பு லைற்றுக்கு நின்றது. எங்கள் கார் நிற்கவில்லை. கலாவதி கத்தவில்லை. அவளுடைய வலது கால் கீழ்க் கம்பளத்தை மிதித்தது. அவளுடைய வொல்வோவில் அவள் இருக்கிற பக்கம் அதுதான், பிரேக் இருக்கிற இடமும் அதுதான். சீற்றில் முதுகை முட்டுக்கொடுத்து, ஒன்றும் இல்லாத இடத்தில் முழுப் பலத்தையும் போட்டு மிதித்தாள். யதுசன் காலைக் கீழே இறக்கிப் பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் இடித்துவிட்டது.

வானுக்குப் பெரிய சேதம் இல்லை. பெல்ற் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. மேனுஷா முன் சீற்றின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தவள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அப்போதுதான் நான் கத்தினேன். கலாவதி இறங்கிச் சுற்றி வந்து பிள்ளையைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரர் போட்டு முடியும் வரைக்கும் அவள் யாரையும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் சொன்னேன். யதுசனுக்கு நல்லாகச் சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்து நான் அவர்கள் வீட்டுக் குசினியில் பிள்ளைக்கு இரசம் வைத்துக்கொண்டு நின்றபோது, யதுசன் போனைக் கையில் பிடித்தபடி வந்தான்.

“அம்மா, காருக்கு முன்னுக்கு என்ன பூசினனீங்கள்?”

கலாவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “சந்தனம். ஏன்?”

“அந்தக் கொம்பனி எம்பிளத்துக்குப் பின்னாலதான் காரின்ர கண் இருக்கு. கராஜில சொல்லுறாங்கள், மண் பூசினமாதிரி மூடிக் கிடந்ததாம். அதுக்கு முன்னுக்கு இருந்தது தெரியேல்லை. தெரியாததாலதான் நிக்கேல்லை.”

ஜதுர்ஷிகா மெல்ல, “மாமி வேணுமெண்டு செய்யேல்லை” என்றாள்.

“வேணுமெண்டு செய்தவ எண்டு நான் சொல்லேல்லையே. ஆனா செய்தது அவதானே!”

எனக்குப் பொறுக்கவில்லை. “கார் மணி அடிச்சுச் சொன்னதெல்லோ? தட்டி அமத்தினது ஆர்? காலுக்கு மேல காலைப் போட்டது ஆர்?”

“அன்ரி, நீங்கள் இதுக்க வராதேங்கோ.”

“வந்தாச்சு. உன்ர காருக்குள்ள நானும்தான் இருந்தனான்.”

கலாவதி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சந்தனம் குழைக்கிற மோதிர விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். “ஓம். நான்தான் மூடினது” என்றாள். தன் பிழையை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. மற்றப் பாதிப் பிழையைப் பற்றி மகன் வாயே திறக்கவில்லை.

கார் திருத்தி வந்தது. சந்தனம் நின்றது. மேனுஷாவை மறுபடி தகப்பன்தான் கொண்டுபோனான். இனியாவது கவனமாக ஓட்டுவான் என்று நான் நினைத்தேன். கேட்டால் நம்பமாட்டீர்கள், முன்னையதை விட மோசமாகிவிட்டான். இராச் சாப்பாட்டில் இருந்துகொண்டு, “அம்மா, இண்டைக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் பிரேக்கைத் தொடவே இல்லை. கண்ணை மறைக்காட்டி அது எவ்வளவு வடிவா நிக்குது தெரியுமே?” என்பான். கலாவதி சோற்றைப் பிசைந்தபடி இருப்பாள். “கொஞ்சம் காலை வை தம்பி” என்று ஒருமுறை கெஞ்சினாள். அடுத்த நாள் கையையும் விட்டதாக வந்து சொன்னான்.

ஜதுர்ஷிகா அவனோடு சண்டை பிடித்தாள். கார் நல்ல கார்தான் என்று அவளுக்கும் தெரியும். ஓட்டுகிறவன் பகிடி விடக் கூடாது என்றுதான் அவள் சொன்னாள். அவன் ஓம் என்பான். தாயைக் கண்டதும் பழையபடி தொடங்கிவிடுவான்.

ஒரு பின்னேரம் மேனுஷா பிளாஸ்ரர்க் கையோடு என் வீட்டு சோபாவில் இருந்தாள். கலாவதி அவளுக்கு மாம்பழம் வெட்டிக்கொண்டே, “அப்பா பள்ளிக்கூடம் போகேக்க பிரேக்கில காலை வைச்சுத்தானே ஓட்டுறவர்?” என்று ஒன்றும் நடக்காதது போலக் கேட்டாள்.

பிள்ளை வாயில் மாம்பழத்தோடு சொன்னது: “மம்மி வந்தா வைப்பார். நான் மட்டும் எண்டா வைக்கமாட்டார். அப்பம்மாக்குச் சொல்லோணும் எண்டுதான் அப்பிடிச் செய்யிறவர். ‘டெல் அப்பம்மா, நோ ஃபீற்’ எண்டு சொல்லுவார்.”

கலாவதியின் கையில் கத்தி நின்றுவிட்டது. பிள்ளை இன்னொரு துண்டு கேட்டது. கொடுத்தாள். பிள்ளை தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிய பிறகு, குசினிக்குள் வந்து கதவோடு சாய்ந்து நின்றாள்.

“கேட்டனீங்களே அக்கா?”

“அவனைக் கூப்பிடு, நான் கேக்கிறன்.”

“வேண்டாம். நீங்கள் கேட்டா நாளைக்குக் கண்ணையும் மூடிக்கொண்டு ஓட்டுவான். சின்னனிலயும் இப்பிடித்தான். குளிருது, தொப்பியைப் போடு எண்டா கழட்டிப் பனிக்க எறிவான். அப்ப தொப்பிதானே எண்டு விட்டன்.” மாம்பழக் கையைச் சேலையில் துடைத்தாள். “அக்கா, நான் அந்த வாசலில நிக்கிற வரைக்கும் அவன் எனக்கு எதிராத்தான் ஓட்டுவான். நான் இல்லாட்டி ஆருக்குக் காட்டுறது? தன்ர பாட்டில ஓட்டுவான்.”

“அதுக்கு நீ எங்க போறது?”

“பிரியம்வதா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.” பிரியம்வதா சுவீடனில் அவளோடு வேலை செய்தவள். இப்போது லண்டனின் மற்றப் பக்கம், குட்மேய்ஸில் தனியே ஒரு வீட்டில் இருக்கிறாள், மேல் அறை சும்மா கிடக்கிறது.

“பிள்ளையை விட்டுட்டு இருப்பியே?”

“இருக்க ஏலாது. ஆனாப் போறன்.”

நான் எவ்வளவோ சொன்னேன். போகாதே, பழகிவிடுவான், கொஞ்சக் காலம் பொறு என்றேன். “பழகிறதுக்குள்ள ஒருக்கா நடந்தாப் போதுமே அக்கா” என்றாள்.

அவள் போன நாள் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட நேரம். நான் உதவிக்கு என்று போயிருந்தேன். இரண்டு சூட்கேசும் ஒரு சுவாமிப் படமும் ஏற்கனவே டிக்கியில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் ஏறிவிட்டன. ஜதுர்ஷிகா அழுதுகொண்டு மாமியின் கையைப் பிடித்தபடி நின்றாள். யதுசன் கோட்டைப் போட்டுக்கொண்டு படியால் இறங்கி வந்தான்.

“உண்மையாத்தான் போறீங்களோ? ஒரு காரை விக்கச் சொன்னதுக்கு?”

அவன் அதற்கு முந்திய கிழமை அப்படி ஒரு சொல் சொல்லியிருந்தான்தான். அவளுடைய காருக்கு இனி இடமில்லை, விற்கலாம் என்று. அதற்காக அவள் போகவில்லை. ஆனால் அவளுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

“ஓம். எனக்கு உந்தக் கார் வேணும். அங்க நிப்பாட்ட இடம் இருக்கு” என்றாள்.

“மேனுஷாவை விட அந்தப் பழைய தகரமே பெரிசு?”

கலாவதி கைப்பையைத் தோளில் போட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன். அவள் மகனை அப்படியே நினைக்க விட்டாள். உண்மையைச் சொன்னால் அதுவும் அவனுக்கு எதிர்த்துக் காட்டுகிற ஒன்றாகிவிடும். ரஜனி தன் ஜன்னலடியில் நின்று கேட்டதும் இந்தப் பேச்சைத்தான். ஊர் சொல்கிற கதை கலாவதியின் சொந்த வாயால் வந்தது. அவளே அதை விதைத்துவிட்டுப் போனாள்.

மேனுஷா புத்தகப்பையோடு வந்து பாட்டியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அப்பம்மா, சனிக்கிழமை வருவீங்களே?”

“வருவன் அம்மா. நீ இருமாம இரு.”

பிள்ளையின் தலையைத் தடவி, நல்ல கையைப் பிடித்து முத்தமிட்டாள். பிறகு வாசலைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அங்கேயே நின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

குட்மேய்ஸ் வரைக்கும் நானும் கூடப் போவதாக இருந்தது, பெரிய ரோட்டில் அவளுக்குக் கண் வேண்டுமே. பெல்ற்றைப் பூட்டினோம். தெரு மூலை தாண்டியதும் அவள் ஓரமாக நிறுத்திவிட்டாள்.

“என்ன பிள்ளை?”

“அவங்கள் முன்னால போகட்டும்.”

யதுசனின் கார் சத்தமில்லாமல் வந்து எங்களைத் தாண்டிப் போனது. அவன் எங்களைக் கவனிக்கவில்லை. பின் கண்ணாடியில் மேனுஷாவின் தலை தெரிந்தது. கலாவதி கொஞ்சத் தூரம் விட்டு அவனுக்குப் பின்னால் காரை எடுத்தாள். அவளுடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற கோடு இருக்கிறது. மஞ்சள் உடுப்புப் போட்ட மனிசி வாகனங்களை மறிக்கிற கம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பின்னால் ஒரு கூட்டம் சின்னப் பிள்ளைகள்.

யதுசனின் காரில் சிவப்பு லைற் எரிந்தது. நல்ல தூரத்திலேயே எரிந்தது. கார் மெல்ல மெல்லக் குறைந்து, கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றது.

“பாத்தியே? நேரத்தோட நிப்பாட்டிட்டான்” என்றேன் நான்.

“அவன் மிதிச்சவனோ அக்கா, தானா நிண்டதோ?”

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பின்னால் இருந்து பார்க்க லைற் மட்டும்தான் தெரிந்தது, கால் தெரியவில்லை. பிள்ளைகள் கடந்து முடிந்தார்கள். கம்பு இறங்கியது. அவனுடைய கார் பள்ளிக்கூட வாசல் பக்கம் திரும்பிப் போய்விட்டது. கலாவதி இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“போவம் பிள்ளை” என்றேன். “வலப்பக்கம் ஒண்டும் வரேல்லை.”